போர்க் கிணற்றை இன்னும் ஆழமாக்கினால் உப்பு நீர் நல்ல நீராகுமா?

திருநெல்வேலிக் கடற்கரை ஊரான உவரிப் பக்கத்தில் உங்கள் வீட்டுப் போர்த் தண்ணீர் உப்பாகிவிட்டது, இன்னும் 100 அடி இறக்கினால் நல்ல தண்ணீர் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இறக்க வேண்டாம். போர் வண்டிக்காரர் இதற்குள் உங்களிடம் ஆசை காட்டியிருப்பார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் பேசினார்.

கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் இரண்டரை விழுக்காடு அடர்த்தி கூடியது. ஆகவே கரையோர நிலத்தில் கடல்நீர் அடியிலும், மழை தந்த நன்னீர் அதன்மேல் மிதந்தபடியும் இருக்கும். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் உண்டு என்பது கணக்கு. அந்த ஓரடியை மோட்டார் போட்டு உறிஞ்சிவிட்டால், அடியிலுள்ள உப்பு நீர் நாளடைவில் 40 அடி மேலேறிவிடும். களிமண் அடுக்குக்குக் கீழே தனி ஊற்று இருந்தால் இது பொருந்தாது என்று சிலர் மறுப்பார்கள். உண்மைதான், ஆனால் அதை முறையான நிலநீர் ஆய்வு சொல்ல வேண்டும், நீரோட்டம் பார்க்க உள்ளங்கையில் நிறுத்திய தேங்காய் சொல்லக் கூடாது.

எங்கள் பக்கத்து விளைக்காரர், அதாவது அடுத்த தோட்டத்துக்காரர், வண்டிக்காரர் பேச்சை நம்பி ஆழப்படுத்தினார். அடுத்த கோடையிலேயே அவருடைய முருங்கை இலைகள் ஓரம் கருகின. அண்ணனும் நானும் எங்கள் போரின் அடிப்பகுதியைக் களிமண்ணும் சிமெண்டும் இட்டு அடைத்துவிட்டு, தாத்தா வெட்டிய திறந்த கிணற்றைத் தூர்வாரினோம். சிறிய மோட்டார் வைத்து, காலையில் கொஞ்சம் மாலையில் கொஞ்சம் என இறைத்து, இடையில் ஊற விட்டோம். மாடியில் விழும் மழைநீரை ஜல்லியும் மணலும் நிரப்பிய தொட்டி வழியாகக் கிணற்றுக்குள் விட்டோம். சில ஐப்பசி, கார்த்திகை மழைகளுக்குப் பிறகு, நீரில் கரைந்துள்ள உப்புகளை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் 2,600இலிருந்து 1,400 அளவுக்கு இறங்கியது. குடிநீரில் அது 500க்குள் இருப்பதே நல்லது, வேறு வழியில்லாதபோது 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆகவே இதைப் புழங்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, குடிக்கத் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரையே பிடிக்கிறோம்.

குழாய் வருகிறதே, கிணறு எதற்கு என்று கேட்பவர்கள், குழாய் வராத வாரத்தில் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கிப் பார்க்கட்டும். நம் நிலம் மழையை வாங்கக்கூடியது. 2021 வெள்ளத்தை ஆயன்குளத்தில் ஒரே கிணறு வாரக்கணக்கில் உள்வாங்கியதைத் திசையன்விளை வட்டாரமே கண்டது. ஆனால் மழையை அப்படி விழுங்கும் சுண்ணாம்புப் பாறை, கடற்கரையை ஒட்டிய இடங்களில் கடல்நீரையும் எளிதாக உள்ளே விடும். உங்கள் போரை நீங்கள் அடைத்தாலும், அடுத்த விளையில் பெரிய மோட்டார் இரவு முழுவதும் ஓடினால் பயனில்லை. ஆகவே அவர்களையும் அழைத்துக்கொண்டு கிராம சபையில் இதைப் பேசுங்கள்.