சுகர் கிளைடர் வளர்ப்பு: கேள்வி பதில்

கேள்வி: இது பறக்கும் அணிலில் ஒரு வகைதானே?

பதில்: இல்லை. அணில் கொறிவிலங்கு; ஆஸ்திரேலியாவிலும் நியூகினியிலும் வாழும் சுகர் கிளைடரோ கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டியை வளர்ப்பது. கருவுற்ற 16 நாட்களில் அரிசி மணியளவில் பிறக்கும் குட்டி, தானே ஊர்ந்து பைக்குள் சென்று காம்பைப் பற்றிக்கொண்டு ஏறத்தாழ 70 நாள் அங்கேயே வளர்கிறது. முன்னங்காலின் ஐந்தாம் விரலிலிருந்து பின்னங்காலின் முதல் விரல்வரை விரியும் தோலைக் கொண்டு 50 மீட்டர் தொலைவுவரை சறுக்கிச் சென்று, மரத்தை நெருங்கியதும் உடலை நிமிர்த்தி நான்கு கால்களாலும் பட்டையைப் பற்றும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்தக் காட்சி அலுத்ததில்லை.

கேள்வி: பழம் மட்டும் கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. காட்டில் அது யூகலிப்டஸ் சாறு, அக்கேசியா பிசின், பூந்தேன், மகரந்தம், பூச்சிகள் என்று உண்கிறது. சுண்ணாம்புச்சத்து குறைந்தால் எலும்பு நலிந்து பின்னங்கால்கள் முடங்கும். காலை இழுத்துக்கொண்டு நகர்வதைக் கண்டால் அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

கேள்வி: ஒன்றை மட்டும் வளர்த்தால்தான் நம்மிடம் ஒட்டும் என்று விற்பவர் சொல்கிறாரே?

பதில்: அதை நம்பாதீர்கள். காட்டில் இவை ஒரே மரப்பொந்தில் கூட்டமாக உறங்குகின்றன. முதன்மை ஆண் தன் நெற்றிச் சுரப்பியை மற்றவற்றின் மேல் தேய்த்துத் தன் மணத்தைப் பூசிவிடும். அதன் உச்சந்தலையில் முடியற்றுத் தெரியும் வட்டம் அந்தச் சுரப்பிதான். கூட்டத்தில் யார் நம்மவர், யார் அயலார் என்பதை அந்த மணமே சொல்கிறது. தனித்து விடப்பட்ட விலங்கு தன் வாலையும் கால்களையும் தானே கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும் அளவுக்குப் போகலாம்.

கேள்வி: நான் மறுக்கிறேன். என்னுடையது ஒன்றுதான், நாள் முழுவதும் என் சட்டைப்பையில் நிம்மதியாக உறங்குகிறது.

பதில்: அது இரவு விலங்கு, பகலில் எங்கே விட்டாலும் உறங்கும். நீங்கள் உறங்கியபின், இரவு இரண்டு மணிக்கு, கூண்டில் அது யாரோடு இருக்கிறது என்பதே என் கேள்வி. அதன் ஆயுள் பத்தாண்டைத் தாண்டக்கூடும். அத்தனை இரவுகளுக்கும் உங்களால் துணையிருக்க முடியாது.

கேள்வி: துணைக்கு ஒரு பொம்மை வைத்தால்?

பதில்: மேலே உள்ள இரண்டு பதில்களையும் படியுங்கள். இரண்டாக வளருங்கள், அல்லது வளர்க்காதீர்கள்.

கேள்வி: கலிஃபோர்னியாவில் வளர்க்கலாமா?

பதில்: சட்டம் அனுமதிப்பதில்லை. அலாஸ்காவிலும் ஹவாயிலும் அப்படியே.

கேள்வி: பராமரிக்க முடியாவிட்டால் தோப்பில் விட்டுவிடலாமா?

பதில்: ஒருபோதும் கூடாது. டாஸ்மேனியாத் தீவுக்கு 19ஆம் நூற்றாண்டில் மனிதர் கொண்டுசென்ற இவை, அங்கே மரப்பொந்துகளில் கூடுகட்டும் சுவிஃப்ட் கிளியின் முட்டைகளையும் குஞ்சுகளையும், அடைகாக்கும் தாய்க்கிளியையும்கூடத் தின்கின்றன. ஏற்கெனவே காடழிப்பால் நலிந்திருந்த அந்தக் கிளி இனம் இன்று முற்றாக அழியும் நிலையில் இருக்கிறது. வளர்க்க இயலாதவர்கள் ஏற்கெனவே இவற்றைக் கூட்டமாக வளர்ப்பவரிடம் ஒப்படையுங்கள். புதியதைக் கூட்டத்தில் சேர்க்கும்போது கூண்டுகளைச் சில வாரம் அருகருகே வைத்து, மணம் பழகியபின் ஒன்றாக விடச் சொல்லுங்கள்.