13 வயது நாய் மணிக்கு கீமோ சிகிச்சை கொடுக்கலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்கு அருகே தென்னந்தோப்பில் குடியிருக்கிறோம். எங்கள் நாட்டு நாய் மணிக்கு 13 வயது. மகன் ஏழாம் வகுப்புப் படித்தபோது பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து வரும் வழியில் தூக்கி வந்த குட்டி. மூன்று வாரங்களுக்கு முன் மணியின் தாடைக்குக் கீழே இருபுறமும் எலுமிச்சங்காய் அளவில் கட்டிகள் தெரிந்தன. பாலக்காட்டு மருத்துவர் ஊசியால் எடுத்துப் பார்த்துவிட்டு லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய் என்கிறார். கீமோ சிகிச்சைக்குத் திருச்சூர் அருகே உள்ள மண்ணுத்தி கால்நடைக் கல்லூரியில் கேட்கச் சொல்கிறார். பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார், இன்னும் வாங்கவில்லை. சாப்பாடு குறையவில்லை, தண்ணீர் மட்டும் அதிகம் குடிக்கிறான். பெங்களூரில் இருக்கும் மகன் எவ்வளவு செலவானாலும் தருகிறேன் என்கிறான். என் கணவர், "வயசான ஜீவனைப் பாடுபடுத்தாதே" என்கிறார். வண்டி என்றாலே மணிக்கு நடுக்கம். நான் என்ன செய்யட்டும்? ஊசி போட்டு அனுப்ப வேண்டிய நாள் வந்தால் நான் பக்கத்தில் இருக்க வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை முதலில் நிறுத்தியது, நீங்கள் இன்னும் வாங்காமல் வைத்திருக்கும் அந்த மாத்திரைச் சீட்டுதான். கீமோ வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் வரை அதை வாங்க வேண்டாம். பிரட்னிசோலோன் லிம்போமா கட்டிகளைச் சில நாட்களிலேயே சுருக்கிவிடும், நாயும் உற்சாகமாகிவிடும். ஆனால் அதை மட்டும் கொடுத்துவிட்டுப் பிறகு கீமோ தொடங்கினால், அதற்குள் புற்றணுக்கள் மருந்தை எதிர்க்கப் பழகியிருக்கும், கீமோவின் பலனும் குறைந்துவிடும். மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்போம், சரிப்படாவிட்டால் மண்ணுத்திக்குப் போவோம் என்ற வழி இந்த நோய்க்குப் பொருந்தாது. லிம்போமா வேகமாக வளர்வது என்பதால், உங்களுக்கு இருப்பது மாதக்கணக்கான அவகாசம் அல்ல, சுமார் ஒரு வாரம்.

அந்த ஒரு வாரத்தில் நோய் இதுதான் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். பாலக்காட்டு மருத்துவரை நான் சந்தேகிக்கவில்லை. கால்நடை மருத்துவராகக் கேரள-தமிழக எல்லையின் இரு பக்கமும் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம் தோப்புகளிலும் மாட்டுத் தொழுவங்களிலும் உண்ணிகள் ஏராளம், அவை பரப்பும் எர்லிக்கியா என்னும் உண்ணிக் காய்ச்சலிலும், மணிக்குத் தாடையடியில் தெரிவது போலவே, நிணநீர்க் கணுக்கள் வீங்கும். அந்தக் காய்ச்சல் டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் குணமாகக்கூடியது. ஊசியால் எடுத்த மாதிரியை நோய்க்குறியியல் நிபுணர் ஒருவர் பார்த்து எழுத்துமூலம் அறிக்கை தந்திருக்கிறாரா என்று கேளுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கும் ரத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மணி தண்ணீர் அதிகம் குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் சில லிம்போமாக்களில் ரத்தத்தில் கால்சியம் ஏறி, தாகம் கூடி, சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். கால்சியம், சிறுநீரகம், கல்லீரல் மூன்றுக்குமான பரிசோதனையைச் சேர்த்தே செய்துவிடுங்கள்.

லிம்போமாதான் என்று உறுதியானால் நிலைமை இதுதான். சிகிச்சையே கொடுக்காவிட்டால் பெரும்பாலான நாய்கள் ஒன்று அல்லது இரண்டு மாதங்களுக்கு மேல் தாங்குவதில்லை. பிரட்னிசோலோன் மட்டும் கொடுத்தால் ஏறத்தாழ அதே காலம்தான், ஆனால் அந்த நாட்கள் வலியும் சோர்வும் குறைந்த நாட்களாக இருக்கும். வின்கிறிஸ்டின், சைக்ளோபாஸ்பமைடு, டாக்ஸோரூபிசின் ஆகிய மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுத்து, தொடக்க வாரங்களில் பிரட்னிசோலோனையும் சேர்க்கும் முழுமையான கீமோவில் 10 நாய்களில் 8 அல்லது 9 நாய்களுக்குக் கட்டிகள் நன்றாக வற்றிவிடும். எந்த வெள்ளணுவில் தொடங்கியது என்பதைப் பொறுத்து லிம்போமாவில் பி, டி என்று இரு வகை. பி வகை லிம்போமாவாக இருந்தால் சராசரியாக ஓராண்டு அளவுக்கு வாழும். டி வகையாக இருந்தால் அதைவிடக் குறைவு, கால்சியம் ஏறுவதும் பெரும்பாலும் இந்த வகையில்தான். எந்த வகை என்பதற்கும் பரிசோதனை உண்டு. முழுமையாகக் குணமாவது அரிது, பெரும்பாலும் நோய் திரும்பி வரும். மகன் பணம் தருவதாகச் சொல்லும்போது அவர் மனத்தில் இருப்பது குணமாகிவிடும் என்ற எண்ணமா, இன்னும் சில மாதங்கள் கிடைக்கும் என்ற எண்ணமா என்பதை வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். இது தெளியாமல் தொடங்கிய வீடுகளில் பின்னால் நிகழ்ந்த மனவருத்தங்களை நான் அருகிருந்து பார்த்திருக்கிறேன்.

உங்கள் கணவர் அஞ்சுவது மனிதர்களுக்குக் கொடுக்கும் கீமோவைப் பார்த்து என்று தோன்றுகிறது. நாய்களுக்கு அளவைக் குறைத்தே கொடுப்பார்கள், நோயை வேரோடு அழிப்பதைவிட நல்ல நாட்களைக் கூட்டுவதே அங்கு நோக்கம். நம் நாட்டு நாய்களுக்கு முடி கொட்டுவதும் பெரும்பாலும் இல்லை. ஊசி போட்ட சில நாட்களில் வாந்தி, வயிற்றுப்போக்கு, பசியின்மை வரலாம். மருந்து கொடுத்தால் பெரும்பாலான நாய்களுக்கு அடங்கிவிடும். ஒரு வாரம் கழிந்த நிலையில் வெள்ளணுக்கள் குறைந்து காய்ச்சல் வந்தால் மட்டும் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும். டாக்ஸோரூபிசின் இதயத்தைத் தளர்த்தக்கூடியது என்பதால், 13 வயது நாய்க்கு அதைத் தொடுமுன் எக்கோ என்னும் இதய ஸ்கேன் பார்க்கச் சொல்வது நல்லது. ஊசி போட்ட முதல் சில நாட்களுக்கு அவன் சிறுநீரையும் மலத்தையும் கையுறை போட்டுத்தான் அள்ள வேண்டும், கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தொடக் கூடாது.

ஆகவே மருந்தைப் பற்றி எனக்குப் பெரிய தயக்கம் இல்லை, வயதைப் பற்றியும் இல்லை. வயது ஒரு நோய் அல்ல. 13 வயதிலும் சிறுநீரகமும் இதயமும் நன்றாக இருக்கும் நாய்கள் கீமோவைத் தாங்கியிருக்கின்றன. என்னை யோசிக்க வைப்பது, மணிக்கு வண்டி என்றாலே நடுக்கம் என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிதான். இந்தச் சிகிச்சை நான்கைந்து மாதங்கள் நீளும், முழுமையாகச் செய்தால் 16 முறை வரை போக வேண்டியிருக்கும். 2021-இல் பாலக்காடு-திருச்சூர் சாலையில் குதிரான் சுரங்கப்பாதை திறந்தபின் பாதை எளிதாகியிருக்கிறது என்றாலும், உங்கள் ஊரிலிருந்து மண்ணுத்திக்குப் போகவே இரண்டு மணி நேரம் ஆகும், திரும்பி வரவும் அதே நேரம் ஆகும், இடையில் காத்திருப்பும் உண்டு. அடுத்த வருடம் நலமாக இருக்கலாம் என்பதற்காக இன்றைய துன்பத்தைப் பொறுத்துக்கொள்ள ஒரு மனிதரால் முடியும். மணிக்கு அடுத்த வருடம் என்ற ஒன்று தெரியாது. அவனுக்குத் தெரிவது இன்றைய சோறு, தோப்பில் அடிக்கும் காற்று, நீங்கள் வாசல் தெளிக்கும் சத்தம், அப்புறம் அந்த வண்டி.

அதனால் என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். ஒரு முறை மட்டும், நடுக்கத்தைக் குறைக்கும் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கிப் புறப்படுமுன் கொடுத்து, மணியை மண்ணுத்திக்குக் கூட்டிச் செல்லுங்கள். அந்த மாத்திரையில் அவன் நிம்மதியாகப் பயணம் செய்து, பரிசோதனைகளும் நன்றாக இருந்து, வகையும் சாதகமாக இருந்தால் முதல் நான்கு வார ஊசிகளைப் போட்டுப் பாருங்கள். நான்கு வாரத்தில் கட்டி வற்றாவிட்டாலோ, ஊசி முடிந்து அவன் படுத்துக் கிடக்கும் நாட்கள் எழுந்து நடமாடும் நாட்களைவிட அதிகமானாலோ நிறுத்திவிடுவோம் என்று மகனிடமும் கணவரிடமும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை கொடுத்தும் அவன் வழி நெடுக நடுங்கி வாந்தி எடுத்தால், அல்லது கால்சியமும் சிறுநீரகமும் மோசமாக இருந்தால், கீமோவை விட்டுவிடுங்கள். பிரட்னிசோலோனை அப்போது தொடங்கலாம். அதைச் சிகிச்சை மறுப்பு என்று யாரும் உங்களிடம் சொல்ல இடம் கொடுக்காதீர்கள், அதுவும் ஒரு சிகிச்சைதான். பிரட்னிசோலோனோடு மெலாக்ஸிகாம் போன்ற வலி மாத்திரைகளைச் சேர்க்கவே கூடாது, குடல் புண்ணாகிவிடும். வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலையும் இபுபுரூஃபனையும் எந்த நிலையிலும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். பிரட்னிசோலோனால் பசியும் தாகமும் கூடும், இரவில் சிறுநீர் கழிக்க எழுப்புவான், அதற்குத் தயாராக இருங்கள்.

எது நல்ல நாள், எது கெட்ட நாள் என்பதை மனக்கணக்கில் விட வேண்டாம். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-இல் ஓர் அளவுகோல் வகுத்தார்: வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்பது, ஆக ஏழுக்கும் தலா 10 மதிப்பெண். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் அந்த வாழ்வு இன்னும் வாழத்தக்கது என்பது கணக்கு. ஞாயிறுதோறும் நீங்களும் கணவரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, மகனுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டுங்கள். தொலைவில் இருக்கும் பிள்ளைகளுக்கு நாய் எப்போதும் குட்டியாகவே நினைவில் இருக்கும், அந்த எண்கள் இறங்குவதைக் கேட்டால்தான் அவர்களுக்கு நிலைமை எட்டும். மணியோடு பகலும் இரவும் இருப்பவர் நீங்கள் என்பதால், மகனும் கணவரும் ஒத்துவராவிட்டால் உங்கள் சொல்லே நிற்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கடைசியாகக் கேட்டதற்கு வருகிறேன். பக்கத்தில் இருங்கள். முடிந்தால் மருத்துவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், வண்டியின் பயம் அன்றைக்காவது அவனுக்கு வேண்டாம். முதலில் மயக்க ஊசி போட்டு உறங்க வைத்த பிறகே அடுத்த மருந்தைக் கொடுக்கும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். உறங்கும் வரை அவன் தலை உங்கள் மடியில் இருக்கட்டும், பெயர் சொல்லிப் பேசிக்கொண்டிருங்கள். கண் மூடாமல் இருக்கலாம், இதயம் நின்ற பிறகும் ஒன்றிரண்டு முறை மூச்சு இழுப்பது போலத் தோன்றலாம்; அது வலி அல்ல, உடலின் தசை அசைவு மட்டுமே. மகன் வர விரும்பினால் அவர் வந்துசேரும்படி ஒரு நாளைப் பார்த்து வையுங்கள். தோப்பில் அடக்கம் செய்வதானால் கிணற்றிலிருந்து விலகிய இடமாகப் பார்த்து, இடுப்பளவு ஆழத்துக்குக் குழி வெட்டச் சொல்லுங்கள். அந்த மருந்து உடலிலேயே தங்கியிருக்கும், வேறொரு நாயோ கீரியோ தோண்டித் தின்றுவிடக் கூடாது.