ஓட்டியது மகன், சலான் அப்பா பெயரில்

கேள்வி: என் மகனுக்கு 24 வயது, வேலைக்குப் போகிறான். அவன் ஓட்டும் பைக் என் கணவர் பெயரில் இருக்கிறது. அதை அவன் பெயருக்கு மாற்றப் போனபோதுதான் 11 சலான் நிலுவையில் இருப்பது தெரிந்தது. கேட்டால், “பாத்துக்கலாம்மா” என்கிறான். நாங்களே மொத்தமாகக் கட்டிவிடலாமா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: கட்டலாம். ஆனால் அதற்கு முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். 11 சலானும் ஒரே ரகமாக இருக்காது. சிலவற்றை உடனே ஆன்லைனில் கட்ட முடியும். சில விர்ச்சுவல் கோர்ட்டுக்கு (ஆன்லைனிலேயே நடக்கும் நீதிமன்றம்) போயிருக்கும். ஒன்றிரண்டு நேரில் ஆஜராக வேண்டியதாகவும் இருக்கலாம். அவன் வண்டியே இல்லாத ஒன்றும் நடுவில் கிடக்கலாம்.

மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் தேடுங்கள். வண்டி எண்ணைக் கொடுத்தால், சேஸிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி 5 இலக்கங்களைக் கேட்கும். இரண்டும் ஆர்.சி.யில் இருக்கின்றன. அதோடு நிறுத்திவிடாமல் மகனின் லைசென்ஸ் எண்ணைப் போட்டும் ஒருமுறை தேடுங்கள். நண்பன் வண்டியை ஓட்டிப் பிடிபட்டிருந்தால், அந்தச் சலான் உங்கள் வண்டி எண்ணில் தெரியாது. பலரும் இதை விட்டுவிட்டு, “எல்லாம் கட்டியாச்சு” என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

பிறகு ஒவ்வொரு சலானையும் திறந்து படத்தைப் பாருங்கள். எண் பலகையில் அலங்கார எழுத்து இருந்தால் கேமரா 3-ஐ 8 என்றும், 1-ஐ 7 என்றும் படித்துவிடும். உங்களுடையது பைக், படத்தில் இருப்பது ஸ்கூட்டர் என்றால் அந்தச் சலானைக் கட்டாதீர்கள். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அதே தளத்தில் புகார் பகுதி இருக்கிறது. ஆர்.சி., வண்டியின் முன்பக்கப் படம், பின்பக்கப் படம் ஆகியவற்றை இணைத்துப் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். ‘இன்ஷூரன்ஸ் இல்லை’ என்ற சலானில் அந்தத் தேதியைப் பாலிசியோடு ஒப்பிடுங்கள். அன்று பாலிசி நடப்பில் இருந்திருந்தால் அதற்கும் இதே வழிதான். முதல் முறை 2,000, அடுத்த முறை 4,000 ரூபாய் என்பதால் பார்க்காமல் விடக்கூடிய தொகை இல்லை.

சரியான சலான்களில் பெரும்பாலும் ஹெல்மெட்தான் இருக்கும். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதம் உயர்ந்த பிறகு ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய். ஏழு முறை சிக்கியிருந்தால் ஏழாயிரம். கட்டும்போது பணம் வங்கியிலிருந்து போய்விட்டு, சலான் மட்டும் ‘நிலுவை’ என்றே காட்டும் தொல்லை அடிக்கடி வரும். பதறிப்போய் இரண்டாம் முறை கட்டாதீர்கள். முடியாத பரிவர்த்தனையின் நிலையைப் பார்க்கத் தளத்திலேயே வசதி உண்டு. ஓரிரு நாள் பொறுத்து அதில் பாருங்கள். ரசீதைச் சலான் எண்ணோடு சேர்த்து சேமித்து வையுங்கள்.

கோர்ட்டுக்கு அனுப்பப்பட்ட சலானில், பணம் கட்டும் பொத்தானே பெரும்பாலும் வராது. விர்ச்சுவல் கோர்ட் தளத்துக்குப் போய், மாநிலப் போக்குவரத்துக் காவல் துறையைத் தேர்ந்தெடுத்து, வண்டி எண்ணையோ சலான் எண்ணையோ கொடுங்கள். நீதிமன்றம் முன்மொழிந்த அபராதம் தெரியும். அதைக் கட்டலாம், அல்லது வழக்கை எதிர்க்கிறேன் என்று சொல்லலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு அந்தப் பகுதியின் வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும், நேரில் போக வேண்டிவரும். ‘சும்மா அழுத்திப் பார்ப்போம்’ என்று அதைத் தொடாதீர்கள்.

குடித்துவிட்டு ஓட்டிய சலான் இருந்தால் கதை வேறு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு பாயும். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. அந்த வழக்கு ஓட்டியவர் மீது. அப்பா போய் நிற்க முடியாது. சம்மனுக்குப் போகாமல் இருந்தால் பிடிவாரன்ட் வரை போகும். இந்த ஒன்றுக்கு வழக்கறிஞரைப் பாருங்கள், மற்றவற்றுக்குத் தேவையில்லை.

இவ்வளவு நாள் எதுவும் தெரியாமல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் மொபைல் எண்தான். வண்டி வாங்கும்போது கொடுத்த பழைய எண்ணோ, சில சமயம் ஷோரூம்காரரின் எண்ணோ வாகனப் பதிவில் இருக்கும். குறுஞ்செய்தி அங்கேதான் போகும். பரிவாகன் வழியாக எண்ணை மாற்றிவிடுங்கள்.

பணத்தை நீங்கள் கொடுப்பதா, அவன் கொடுப்பதா என்பது உங்கள் வீட்டு விஷயம். எங்கள் யோசனை, தேடுவது முதல் ரசீது எடுப்பது வரை அவன் கையால் நடக்கட்டும். வேண்டுமானால் பணத்தைக் கடனாகக் கொடுத்து மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாம் தீர்ந்ததும் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: மகன் தன் பைக்கை எட்டு மாதத்துக்கு முன் நண்பனுக்கு விற்றுவிட்டான். இன்னும் சலான் இவனுக்கே வருகிறது. விற்ற பிறகு இவனுக்கு என்ன பொறுப்பு?
– வாசகர், தேனி

பதில்: வண்டியும் சாவியும் போனால் போதாது, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு. அது நடக்கும்வரை பதிவேட்டில் உரிமையாளர் உங்கள் மகன்தான். அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து விபத்து. இழப்பீட்டு வழக்கில் பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விற்பனை ரசீது, பணம் வந்த வங்கி விவரம், நண்பனின் அடையாளச் சான்று நகல் ஆகியவற்றோடு இந்த வாரமே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். விற்ற தேதிக்குப் பிந்தைய சலான்களை யார் ஓட்டினார் என்ற விவரத்தோடு மறுக்கலாம். முந்தையவை இவன் கணக்கு.

கேள்வி: ‘உங்கள் வண்டிக்குச் சலான்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வந்தது. மகன் திறந்துவிட்டான். என்ன செய்ய?
– வாசகி, நாமக்கல்

பதில்: ஏ.பி.கே. என்று முடியும் கோப்பு என்றால் அது சலான் இல்லை, ஓ.டி.பி.யைத் திருடும் செயலி. முதலில் போனை ஃப்ளைட் மோடில் போட்டு, அந்தச் செயலியை நீக்குங்கள். வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்குங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குத் தாமதிக்காமல் அழையுங்கள். அந்தப் போனை முழுதாக அழித்து மீட்டமைத்த பிறகே வங்கிச் செயலிகளைத் திரும்பப் போட வேண்டும். கடவுச்சொல்லையும் யு.பி.ஐ. பின்னையும் அதுவரை வேறு கருவியில்தான் மாற்ற வேண்டும்.