வாசகர் கேட்டவை: முன்குறி, பின்குறி, சிவப்புப் புள்ளி

கேள்வி: 1987 இல் யாழ்ப்பாணம் வந்த இந்தியப் படையினரின் படங்களில் இருக்கும் துப்பாக்கி, ரி-56 ஐ விட நீளமாகத் தெரிகிறதே? இரண்டுக்கும் 7.62 ரவைதானே? (வாசகர், கோண்டாவில்)

பதில்: அது எஸ்.எல்.ஆர். என்ற, தானே அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி. பெல்ஜியத்தின் எஃப்.என். ஃபால் துப்பாக்கியின் வழிவந்தது. இந்தியாவில் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. நீளம் ஏறத்தாழ 1.14 மீற்றர். சோவியத் ஏ.கே.-47 இன் சீன வடிவமான ரி-56 ஒரு மீற்றரும் வராது. ரவைக்கூட்டைப் பார்த்தாலே பிரித்தறியலாம்: எஸ்.எல்.ஆருக்கு 20 ரவை கொள்ளும், அநேகமாக நேரான கூடு; ரி-56 க்கு 30 ரவை கொள்ளும் வளைந்த கூடு. 7.62 என்பது குழலின் உள்விட்டம் மட்டுந்தான், மில்லிமீற்றரில். மருந்து அடைத்த கோதின் நீளம் எஸ்.எல்.ஆர். ரவையில் 51 மில்லிமீற்றர், ரி-56 ரவையில் 39. ஒன்றின் ரவை மற்றதற்குச் சேராது.

கேள்வி: ரி-56 இன் குழல் நுனியில் வளையம் எதற்கு? பின்னால் உள்ள தகட்டில் 1 முதல் 8 வரை இலக்கங்கள் ஏன்? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: வளையம், குறிபார்க்கக் குழல் நுனியில் நிற்கும் முன்குறி ஊசி எங்கேயும் அடிபட்டு வளையாமல் காப்பது. சோவியத் மூலத்தில் அது மேலே திறந்த இரண்டு காதுகளாக இருக்கும். சீனத் தயாரிப்பில் முழுவட்டமாக மூடியிருக்கும். படத்தைப் பார்த்து இனங்காண இது நல்ல அடையாளம்.

இலக்கம் ஒவ்வொன்றும் நூறு மீற்றர். பின்குறியான அந்தத் தகட்டிலுள்ள நகர்வியை 3 க்குத் தள்ளினால் தகடு எழும்பும், அதன் முனையிலுள்ள வெட்டும் உயரும். அந்த வெட்டுக்குள் ஊசியை நிறுத்த வேண்டுமென்றால் குழலைச் சற்று மேலே தூக்கத்தான் வேண்டும். சன்னம் குழலை விட்ட கணமே கீழிறங்கத் தொடங்கிவிடும். அதை ஈடுசெய்வது இந்த ஏற்றந்தான். ஆனால் 8 என்று பொறித்திருப்பதால் 800 மீற்றருக்குக் குறி தப்பாது என்று எண்ண வேண்டாம். இந்த ரவைக்கு அந்த இலக்கம் பெரும்பாலும் தகட்டோடு சரி.

குறியைச் சீர்செய்வதும் முன்குறியில்தான். ஊசி ஒரு திருகாணி. உள்ளே இறக்கினால் சன்னம் மேலே போகும், வெளியே உயர்த்தினால் கீழே வரும். சன்னம் வலப்பக்கம் விழுந்தால் முன்குறியையும் வலப்பக்கமே நகர்த்த வேண்டும். பின்குறியைப் பக்கவாட்டில் நகர்த்தும் அமெரிக்க எம்-16 துப்பாக்கியில் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். எதிர்ப்பக்கம் நகர்த்திப் பிழையைக் கூட்டிவிடுவார்கள். இரண்டு குறிகளுக்கும் இடைத்தூரம் 38 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு என்பதால், முன்குறி 1 மில்லிமீற்றர் நகர்ந்தால் 100 மீற்றரில் சன்னம் 26 சென்ரிமீற்றர் விலகும். எஸ்.எல்.ஆரில் அந்த இடைத்தூரம் ஏறத்தாழ 55 சென்ரிமீற்றர். அதே 1 மில்லிமீற்றருக்கு விலகல் 18 தான். நீளத் துப்பாக்கி சுமக்கப் பாரந்தான், ஆனால் கண்ணின் பிழையைப் பொறுத்துக்கொள்ளும்.

கேள்வி: இப்போது துப்பாக்கிகளின் மேல் பூட்டியிருக்கும் கண்ணாடிக் குழாய் லேசரா? சினைப்பருக்குரியதா? (வாசகர், பருத்தித்துறை)

பதில்: இரண்டும் இல்லை. சாதாரண காலாட்படைத் துப்பாக்கியில் கண்ணாடிக் குறி வந்து நாற்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. ஒஸ்திரியாவின் ஸ்ரெயர் ஏ.யூ.ஜி. 1.5 மடங்கு பெரிதாக்கும் குறியோடு 1970களின் இறுதியில் வந்தது. பிரித்தானியாவின் எல்-85 1980களில் 4 மடங்குக் குறியைப் பெற்றது.

சிவப்புப் புள்ளிக் குறி எதையும் பெரிதாக்காது. குழாய்க்குள் இருக்கும் சிறு மின்விளக்கின் ஒளி கண்ணாடியில் பட்டுச் சுடுபவரின் கண்ணுக்கே திரும்புகிறது; எதிரில் நிற்பவர் மேல் புள்ளி விழாது. இரண்டு கண்ணையும் திறந்தபடி, புள்ளியை இலக்கில் வைத்தால் போதும். வெட்டு, ஊசி, இலக்கு மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்கக் கண்ணால் முடியாது என்ற பழைய சிக்கல் இதில் இல்லை.

கெடும் இடங்களும் உண்டு. பற்றரி தீரும். பூட்டுத் திருகாணி தளர்ந்தால் குறி தினம் ஒரு பக்கம் போகும். பலர் கண்ணாடியைக் குற்றம் சொல்வார்கள், பிழை திருகாணியில் இருக்கும். பற்றரி இல்லாமல் இருட்டில் ஒளிர்பவற்றில் திரிற்றியம் என்ற கதிரியக்க வாயு இருக்கும். 12.3 வருடத்தில் அதில் பாதி சிதைந்துவிடும், ஒளியும் மங்கும்.

கேள்வி: வேலிக்குக் கிடங்கு வெட்டும்போது கறள் பிடித்த ரவைகள் வருகின்றன. பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கலாமா? (வாசகர், கிளாலி)

பதில்: கூடாது. கறள் மருந்தைச் செயலிழக்கச் செய்வதில்லை. சுரண்டுவது, தட்டுவது, சருகோடு சேர்த்து எரிப்பது எல்லாம் ஆபத்து. ரவை கிடந்த இடத்தில் வேறு வெடிபொருளும் புதைந்திருக்கலாம், வெட்டுவதை நிறுத்துங்கள். தொடாமல் அடையாளம் வைத்து, பிள்ளைகளை விலக்கி, பொலிசுக்கு 119 இல் அறிவியுங்கள். கிராம அலுவலரிடமும் சொல்லிவையுங்கள்.