தங்கம் மின்னும் சுவரோவியத் துண்டு: வாங்கலாமா?

கேள்வி: மிலானில் வேலை பார்க்கிறேன், அடுத்த ஆண்டு ஊர் திரும்புகிறேன். தரகர் ஒருவர், கான்வாஸில் ஒட்டிய சுவரோவியத் துண்டு ஒன்றைக் காட்டினார். ஒரு பெண்ணின் முகம். கூந்தலில் தங்கம் மேடாக எழும்பி நிற்கிறது. 15ஆம் நூற்றாண்டில் ஸவத்தாரி குடும்பத்து கிரெகோரியோ வரைந்தது என்கிறார். சான்றிதழும் இருக்கிறது. விலை 12,000 யூரோ. 13,500 யூரோவுக்குக் கீழே இருப்பதால் நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல அனுமதி தேவையில்லை என்று உறுதி சொல்கிறார். நம்பலாமா?

பதில்: இன்னும் முன்பணம் கொடுத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். கொடுக்க வேண்டாம். தரகர் சொன்னவற்றில் விலை வரம்பைப் பற்றிய பேச்சுதான் மிக ஆபத்தானது. அதை முதலில் பார்ப்போம்.

13,500 யூரோ என்ற வரம்பு உண்மையிலேயே இருக்கிறது. 2017இல் வந்த திருத்தம் அது. 70 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளாக இருந்தாலும் மதிப்பு அந்தத் தொகைக்குள் இருந்தால், உரிமையாளர் ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுத்துவிட்டு எடுத்துச் செல்லலாம். ஆனால் இந்தச் சலுகை எல்லாவற்றுக்கும் கிடையாது. அகழாய்வுப் பொருள்கள், கையெழுத்துச் சுவடிகள், பழங்கட்டடங்களிலிருந்து பிரித்தெடுத்த பகுதிகள் ஆகியவற்றுக்கு விலை எவ்வளவாக இருந்தாலும் அனுமதி வேண்டும். சுவரிலிருந்து உரித்த ஓவியம் இந்தக் கடைசி வகையில்தான் போய் நிற்கும். தரகருக்கு இது தெரியாது என்று நான் நினைக்கவில்லை. 12,000 என்ற விலையே அந்த வரம்பைப் பார்த்து வைத்ததுதான். நீங்கள் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளும்போது அவர் அங்கே இருக்க மாட்டார்.

அனுமதி கேட்டு விண்ணப்பித்தால் 40 நாள்களுக்குள் பதில் தர வேண்டும் என்கிறது சட்டம். அது எத்தனை முறை இழுத்தடிக்கப்படுகிறது என்பதை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. நேர்மையாக விண்ணப்பிப்பவரைக் காக்க வைத்தால், ‘அனுமதியே தேவையில்லை’ என்று சொல்பவனிடம்தான் மக்கள் போவார்கள். அனுமதி மறுக்கப்பட்டால் பொருள் உங்களுடையதாகவே இருக்கும். ஆனால் இத்தாலியிலேயே கிடக்கும். ஊர் திரும்பப் போகும் உங்களுக்கு அதனால் என்ன பயன்?

இனி ஓவியரின் பெயர். ஸவத்தாரிகளின் மிகப் பெரிய படைப்பு, மிலானுக்குப் பக்கத்திலேயே உள்ள மோன்சா பேராலயத்தில் இருக்கிறது. தியோடெலிந்தா சிற்றாலயம் என்று பெயர். வட இத்தாலியை ஒருகாலத்தில் ஆண்ட லம்பார்டு இனத்தின் அரசி தியோடெலிந்தாவின் கதை அங்கே ஐந்து அடுக்குகளில் 45 காட்சிகளாக விரிகிறது. பெண் கேட்டுத் தூது போவது, ஊர்வலம், விருந்து, நடனம், அரசன் அவுத்தாரியுடன் திருமணம், அவன் இறந்தபின் அகிலுல்ஃபுடன் மறுமணம் என்று பெரும்பகுதி கல்யாணக் காட்சிகள்தாம். 1441இல் மிலானை ஆண்ட விஸ்கோந்தி குடும்பத்துப் பியாங்கா மரியாவுக்கும் ஃபிரான்செஸ்கோ ஸ்ஃபோர்சாவுக்கும் நடந்த திருமணத்தின் சாயல் அதில் இருப்பதாக ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஆறாம் நூற்றாண்டு அரசி அங்கே 15ஆம் நூற்றாண்டு மிலான் அரண்மனை உடையில் நிற்கிறாள்.

1444ஆம் ஆண்டைக் குறிக்கும் லத்தீன் வரிகள் அந்தச் சுவரில் இருக்கின்றன. மூச்சு விடுவது போன்ற இந்த முகங்களை ஏறிட்டுப் பார் என்று வழிப்போக்கனை அழைத்துவிட்டு, வரைந்தவர்கள் ‘ஸவத்தாரிகள்’ என்று முடிக்கின்றன. தனி மனிதர் பெயர் இல்லை. தந்தை ஃபிரான்செஸ்கோவும் மகன்களும் சேர்ந்து நடத்திய பட்டறை அது. எந்த முகம் தந்தை வரைந்தது, எது மகன் வரைந்தது என்று அங்கேயே உறுதியாகப் பிரிக்க முடியவில்லை. அப்படியிருக்க, எங்கிருந்தோ வந்த ஒரு முகத்தை மட்டும் பார்த்து ‘கிரெகோரியோவின் கை’ என்று சான்றிதழ் சொல்கிறது. ‘லொம்பார்தி (மிலான் வட்டார) ஓவியர், 15ஆம் நூற்றாண்டு’ என்று அடக்கமாக எழுதியிருந்தால்கூட மேலே படித்திருப்பேன். மோன்சா ஓவியங்கள் இன்றும் அவற்றின் சுவரிலேயே இருப்பதால், ‘அங்கிருந்து வந்தது’ என்ற கதையும் எடுபடாது.

உங்கள் துண்டில் என்னை அதிகம் உறுத்துவது தங்கம். ஈரச் சாந்தின் மேல் தீட்டும் நிறம் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகிவிடும். ஸவத்தாரிகள் அதோடு நிறுத்தவில்லை. காய்ந்த சுவர்மேல் பசை கலந்த வண்ணம் தீட்டினார்கள். மேடு கட்டி அதன்மேல் தங்க, வெள்ளி ரேக்குகளை ஒட்டினார்கள். சுவரோவியத்தை உரிக்கும் பழைய முறையிலோ முகப்பில் துணியை விலங்குப் பசையால் ஒட்டி, காய்ந்ததும் இழுத்து உரித்து, பின்னர் வெந்நீரால் அந்தப் பசையைக் கரைப்பார்கள். ஈரச் சாந்தில் ஊறிய நிறம் இதைத் தாங்கும். ஒட்டிய தங்கமும் காய்ந்தபின் தீட்டிய வண்ணமும்தான் முதலில் போகும். அதனால் கான்வாஸ்மேல் தங்க மேடு கூர்மை குறையாமல் நிற்கிறது என்றால், அது பிற்காலத்தில் சேர்த்ததா, முழுவதுமே புதிதா என்றுதான் முதலில் கேட்பேன்.

உரித்த ஓவியங்கள் எல்லாமே திருட்டு என்று நினைத்துவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நேர்மையான வியாபாரிகளும் இருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டிலும் இடிக்கப்பட்ட ஆலயங்களிலிருந்தும் கைமாறிய மாளிகைகளிலிருந்தும் ஏராளமான ஓவியங்கள் உரிக்கப்பட்டன. 1966 ஃபுளோரன்ஸ் வெள்ளத்துக்குப் பிறகு, காப்பாற்றுவதற்காகவே பல சுவர்களை உரித்தார்கள். முறைப்படி தனியார் கைக்கு வந்த துண்டுகள் உண்டு. அவற்றுக்குப் பின்னால் ஏதாவது ஒரு தடம் இருக்கும்: சுவரில் இருந்தபோது எடுத்த புகைப்படம், உரிக்க அனுமதித்த கடிதம், பழைய ஏலப் பட்டியல். இன்றைய சட்டத்தில் அரசின் அனுமதியின்றிச் சுவரோவியத்தைப் பிரிப்பதே குற்றம். அது பொதுமக்கள் கண்ணில் படாத வீட்டுச் சுவராக இருந்தாலும் சரி. தடமே இல்லாத துண்டு எப்போது, யாரால் உரிக்கப்பட்டது என்பதற்கு உங்களிடம் பதில் இருக்காது.

சான்றிதழைப் பொறுத்தவரை சட்டமே ஓர் ஓட்டையை வைத்திருக்கிறது. கலைப்பொருள் விற்பவர் அதன் உண்மைத்தன்மைக்கும், வந்த வழிக்கும் ஆவணம் தர வேண்டும். ஆவணம் இல்லையென்றால் தமக்குத் தெரிந்ததை எழுதிக் கையொப்பமிட்டால் போதும். அந்தக் காகிதத்தைத்தான் முத்திரை குத்தி, பொன்னிற ஓரம் வைத்துச் சான்றிதழ் என்று நீட்டுகிறார்கள். இதை அடைக்காமல் இத்தனை ஆண்டுகள் விட்டுவைத்ததற்கு எந்த நியாயமும் இல்லை.

இரண்டு வேலைகளைச் செலவில்லாமல் செய்யலாம். கலைப்பொருள் பாதுகாப்புக்கென 1969இல் தொடங்கிய காராபினியேரி காவல் பிரிவு, திருட்டுப்போன பொருள்களின் தரவுத்தளத்தை வைத்திருக்கிறது. அதில் ஒரு பகுதியை எவரும் இணையத்தில் தேடலாம். பொலோன்யா பல்கலைக்கழகத்தில் உள்ள, கலை வரலாற்றாசிரியர் ஃபெதெரிகோ ஸேரியின் புகைப்படத் தொகுப்பையும் இணையத்தில் பார்க்கலாம். இந்த முகம் முன்பு எந்தச் சுவரில் இருந்தது என்பது அங்கே கிடைக்கக்கூடும். முன்பதிவு செய்துகொண்டு ஒரு நாள் ரயிலில் மோன்சாவுக்கும் போய்வாருங்கள். தங்க மேட்டை அருகிலிருந்து பார்த்த கண்ணுக்குத் தரகர் காட்டுவது வேறு மாதிரி தெரியும்.

அதன் பிறகும் ஆசை விடவில்லை என்றால், கான்வாஸின் பின்பக்கத்தையும் மரச்சட்டத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துத் தரும்படி தரகரிடம் கேளுங்கள். மறுத்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். கொடுத்தால், அந்தப் படங்களை அவருக்குத் தொடர்பில்லாத ஓர் ஓவியப் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள். அதற்குரிய கட்டணத்தை நீங்களே கொடுங்கள்.