அடங்கல் எழுதியவனிடம் கேளுங்கள்: விஏஓ வேலை பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை என்கிற கடைமடைப் பகுதியில் நான்கு கிராமங்களில் மாறி மாறி விஏஓவாக (கிராம நிர்வாக அலுவலராக) இருந்து, அடங்கல் என்ற பயிர்க் கணக்கை எழுதி ஓய்வு பெற்றவன் நான். கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டு, கேள்விகளைச் சுருக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

மணியக்காரர், கர்ணம், விஏஓ எல்லாம் ஒன்றுதானா ஐயா? தாத்தா ஒரு பெயர் சொல்கிறார், அப்பா ஒரு பெயர் சொல்கிறார். (கல்லூரி மாணவர், ஒரத்தநாடு)

தாத்தா சொல்வது பழைய ஏற்பாடு, தம்பி. ஊருக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் வரி தண்டி ஊர்க்காவலையும் பார்ப்பார். அவரை நம் பக்கம் பட்டாமணியார் என்போம், கொங்குப் பக்கம் மணியக்காரர். இன்னொருவர் கணக்கு எழுதும் கர்ணம், அதாவது கணக்கப்பிள்ளை. இவர்களுக்குக் கீழே தலையாரி, வெட்டியான், மடை திறக்க நீர்கட்டி. அப்பாவுக்குப் பிறகு மகன் என்று குடும்பத்துக்குள்ளேயே வந்த பதவிகள்தான் பெரும்பாலும்.

1980 நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டம் போட்டு மணியம், கர்ணம் பதவிகளை ஒரே நாளில் ஒழித்தது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். 1982-ல் உச்ச நீதிமன்றம் அரசு செய்தது செல்லும் என்றது. அப்புறம் இரண்டு வேலையையும் ஒரே ஆளின் தலையில் கட்டி, தேர்வு வைத்து எடுத்ததுதான் கிராம நிர்வாக அலுவலர் பதவி.

நான் முதலில் பொறுப்பேற்ற ஊரில் பழைய கணக்கப்பிள்ளை உயிரோடு இருந்தார். திண்ணையில் உட்கார்ந்தபடி சர்வே எண்ணைச் சொன்னால் நான்கெல்லையையும் சொல்வார். முதல் ஆறு மாதம் என்னிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. அவர் பதவியில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறானே என்ற வருத்தம். பிறகு ஒருநாள் அவரே கூப்பிட்டு, எந்த வாய்க்கால் எந்தப் பங்காளிச் சண்டையில் திசை மாறியது என்று சொல்லத் தொடங்கினார். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத விஷயம் அதெல்லாம். அவர் அறிவுக்கு நான் கும்பிடு போட்டேன். ஆனாலும் அந்தப் பதவி ஒழிந்தது நல்லதுதான் என்பது என் கருத்து. பழைய முறை நீடித்திருந்தால் எங்கள் தெருவில் இருந்து ஒருவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கவே முடியாது.

தலையாரிக்கு இப்போது என்ன வேலை? (அதே மாணவர்)

பெயர் கிராம உதவியாளர் என்று மாறிவிட்டது. வேலை பெரிதாக மாறவில்லை. நோட்டீஸ் கொடுப்பது, ஏரி மதகில் ஒரு கண் வைப்பது, அதிகாரி வந்தால் எல்லைக் கல்லைக் காட்டுவது, ஊரில் எது நடந்தாலும் முதலில் விஏஓ காதில் போடுவது. 2022-ல் 2,748 இடங்களுக்கு ஆள் எடுத்தபோது மிதிவண்டி ஓட்டத் தெரியுமா என்றும் பார்த்தார்கள். படித்த பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, வரப்பு ஓரம் சைக்கிள்தான் போகும்.

தமுக்கடித்துச் சொல்லும் தண்டோராவை 2022-லேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இப்போது ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்கிறார்கள். ஒரே சமூகத்து ஆட்களைக் கூப்பிட்டு அடிக்கச் சொன்ன வழக்கம் அது. முன்பே போயிருக்க வேண்டும்.

பேப்பரில் அடிக்கடி "கொலை செய்தவர் விஏஓ முன்னிலையில் சரண்" என்று வருகிறதே. போலீஸை விட்டு ஏன் உங்களிடம் வருகிறார்கள்? (திருச்சியில் இருந்து ஒரு வாசகி)

நல்ல கேள்வி, அம்மா. போலீஸ் அதிகாரியிடம் ஒருவர் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் அவருக்கு எதிரான சாட்சியமாக ஏற்க முடியாது. வெள்ளைக்காரன் காலத்துச் சாட்சியச் சட்டத்தில் இருந்தது, இப்போதைய புதுச் சட்டத்திலும் இருக்கிறது. விஏஓ போலீஸ் இல்லை. அதனால் அவரிடம் சொன்னதற்கு வேறு மதிப்பு. அதை நம்பலாமா வேண்டாமா என்று நீதிபதி எடை போடுவார். பல வழக்குகளில் நம்பாமலும் விட்டிருக்கிறார்கள். முன்பின் தெரியாத விஏஓவைத் தேடிப் போய் ஒருவன் ஏன் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். நியாயமான கேள்விதானே?

இதைவிட அதிகமாக எங்களை இழுப்பது மகஜர். கத்தியைக் கைப்பற்றினேன், ரத்தக்கறை மண்ணை எடுத்தேன் என்று காவல்துறை எழுதும் இடத்தில் சாட்சிக் கையெழுத்துக்கு விஏஓவையும் தலையாரியையும் கூப்பிடுவார்கள். ஊரில் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள், பகை வரும். அரசு ஊழியன் மாட்டேன் என்று சொல்ல முடியாது. எட்டு வருடம் கழித்து சம்மன் வரும். அதற்குள் நான் மூன்றாவது கிராமத்தில் இருப்பேன். சாட்சிக் கூண்டில் நின்று, அன்று மழை பெய்ததா, கத்தியின் பிடி மரமா பிளாஸ்டிக்கா என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். கண்ணால் பார்க்காத எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. போட்ட அன்று இரவே பாக்கெட் டைரியில் நான்கு வரி எழுதிவிடுவேன்.

அனாதைப் பிணம் கிடந்தாலும் விஏஓதான் புகார் கொடுக்க வேண்டுமா? (பேராவூரணி)

ஆமாம். சந்தேக மரணமோ திடீர் மரணமோ தன் கிராமத்தில் நடந்தால் தெரிவிக்க வேண்டியது கிராம அலுவலரின் சட்டக் கடமை. முன்பு குற்ற நடைமுறைச் சட்டத்தின் 40-வது பிரிவு. 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் 34. சொந்தக்காரர் யாரும் இல்லாத உடல் என்றால் முதல் தகவல் அறிக்கையில் புகார்தாரர் பெயரே விஏஓ பெயர்தான்.

சட்டம் அதோடு முடியும், வேலை முடியாது. ஒரு ஐப்பசி இரவில் வாய்க்கால் ஷட்டரில் ஓர் உடல் ஒதுங்கியது. போலீஸ் வர விடிந்துவிடும் என்றார்கள். நாய் நரி அண்டாமல் நானும் தலையாரியும் காத்துக் கிடந்தோம். அவர் பீடி பிடித்தபடி, "சார், நாம போயிட்டா இவனுக்கு யாரு இருக்கா" என்றார். அந்த மனிதர் யார் என்று கடைசி வரை தெரியவில்லை.

நேரடியாகவே கேட்கிறேன். விஏஓ என்றாலே லஞ்சம்தானே? (பெயர் வேண்டாம் என்றவர்)

கோபப்பட மாட்டேன். வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். லஞ்ச ஒழிப்புத் துறை ரசாயனம் தடவிய நோட்டைக் கொடுத்தனுப்பி, வாங்கியவரின் கையைக் கரைசலில் முக்கி, அது ரோஸ் நிறமாக மாறுவதைக் காட்டும் செய்தி மாதம் ஒன்றாவது வருகிறது. என்னோடு பயிற்சி எடுத்த ஒருவரே அப்படிப் போனார்.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். வருமானம், சாதி, இருப்பிடச் சான்றுகளுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி ரசீது வாங்குகிறீர்கள். பணம் கை மாற வேண்டிய இடம் அங்கேயே முடிந்துவிட்டது. விஏஓ விசாரித்துப் பரிந்துரைப்பார், வருவாய் ஆய்வாளர் பார்ப்பார், தாசில்தார் அல்லது துணைத் தாசில்தார் ஒப்புதல் தருவார். விஏஓ மேசையில் எந்தக் கட்டணமும் கிடையாது. "ஸ்டேஷனரிக்குக் கொடுங்க" என்றால் விண்ணப்ப எண்ணைச் சொல்லி, எந்தத் தேதியில் யாரிடம் நிற்கிறது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பலர் பயப்படுவார்கள்.

ஒரு பக்கம் மட்டும் சொல்லக் கூடாது. ஆள் பற்றாக்குறையில் ஒருவரே இரண்டு மூன்று கிராமம் பார்க்கிறார். தாமதம் எல்லாமே காசுக்காக இல்லை.

மணல் லாரியைப் பிடித்தால் என்ன ஆகும் அண்ணே? (புதிதாகத் தேர்வான தம்பி)

2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் மணல் திருட்டைப் பற்றிப் புகார் கொடுத்த விஏஓவை அவர் அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். அதை மறைத்து உனக்குத் தைரியம் சொல்ல மாட்டேன். தனியாகப் போகாதே. வண்டியின் குறுக்கே நிற்காதே. எண்ணைக் குறி, படம் எடு, தாசில்தாருக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கு. மிரட்டல் வந்தால் அன்றைக்கே அதையும் எழுத்தில் கொடு.

நானும் தேர்வாகியிருக்கிறேன் சார். பெண் என்பதால் வீட்டில் பயப்படுகிறார்கள். முதல் வாரம் என்ன செய்ய வேண்டும்? (மன்னார்குடி)

வாழ்த்துகள் அம்மா. என் கடைசி ஐந்து வருடத்தில் பக்கத்துக் கிராமங்களில் இருந்தவர்களில் பாதிப் பேர் பெண்கள். எனக்குத் தெரிந்த மிக நேர்த்தியான அடங்கல் அவர்களில் ஒருவருடையது.

பொறுப்பு வாங்கும்போது, சர்வே எண் வாரியாக நில விவரம் இருக்கும் 'அ' பதிவேட்டின் பக்கங்களை எண்ணிப் பார்த்து வாங்குங்கள். கிழிந்த பக்கம் இருந்தால் ஒப்படைப்புப் பட்டியலிலேயே எழுதுங்கள், இல்லாவிட்டால் கிழித்தது நீங்கள் என்று ஆகிவிடும். நிலத்தின் அளவைக் காட்டும் புலப்படங்களையும் அப்படியே. அப்புறம் தலையாரியைக் கூட்டிக்கொண்டு கிராம எல்லையை ஒரு சுற்று நடந்தே வாருங்கள். இரண்டு நாள் ஆகும். எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், எந்தக் கிழவி தனியாக இருக்கிறாள், எந்த மதகின் பலகை காணாமல் போயிருக்கிறது, இதெல்லாம் நடந்தால்தான் தெரியும். மழைக்காலத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு கலெக்டர் அலுவலகத்தில் இருந்து கேட்பது இதைத்தான்.

கஜா புயலில் எங்கள் மாமாவுக்கு நிவாரணம் குறைவாக வந்தது. விஏஓ மரத்தைக் குறைத்து எழுதிவிட்டார் என்கிறார். அப்படி நடக்குமா? (வேதாரண்யம்)

நடந்திருக்கலாம். நான் வேறு கிராமத்தில் இருந்தேன், என் கதையைச் சொல்கிறேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் புயல் கரை ஏறியது. விடிந்து பார்த்தால் தோப்பு என்று ஒன்றுமே இல்லை, எல்லா மரமும் ஒரே திசையில் படுத்திருக்கிறது. என் வீட்டுக் கூரையும் போய்விட்டது. அன்று மாலையே கணக்கெடுக்கச் சொல்லிவிட்டார்கள். விழுந்த மரங்களின் மேல் ஏறித்தான் போக வேண்டும். எண்ணிய மரத்தையே மறுபடி எண்ணிவிடக் கூடாது என்று தலையாரி ஒரு வாளியில் சுண்ணாம்பு கரைத்து ஒவ்வொரு அடிமரத்திலும் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தார். தென்னை ஒன்றுக்கு இழப்பீடாக 600 ரூபாயும் வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்திருந்தார்கள். இருபது வருடம் காய்க்க வேண்டிய மரத்துக்கு 1,100 ரூபாய். எண்ணும்போது பக்கத்தில் நின்றவர்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தகராறு எங்கே வந்தது தெரியுமா? பாதி சாய்ந்த மரம். குருத்து திருகிய மரம் நிற்கும், ஆனால் இரண்டு மாதத்தில் செத்துவிடும். அதை எழுதலாமா கூடாதா? நான் எழுதினேன். பக்கத்துக் கிராமத்தில் எழுதவில்லை. இன்னொன்று, புறம்போக்கில் வைத்து வளர்த்த மரங்கள். பட்டா இல்லாதவருக்கு என் பேனாவில் வழி இல்லாமல் போனது. இன்னும் உறுத்துகிறது. உங்கள் மாமா நிலம் யார் பெயரில் இருந்தது என்று பாருங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால் பணம் வேறு பங்காளி கணக்குக்குப் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

கொள்முதல் நிலையத்தில் அடங்கல் கேட்கிறார்கள். குத்தகை நிலம், உரிமையாளர் சென்னையில். எனக்குத் தருவார்களா? (திருத்துறைப்பூண்டி விவசாயி)

அடங்கல் என்பது யார் நிலம் என்று சொல்லும் காகிதம் இல்லை. அது பட்டாவின் வேலை. எந்தச் சர்வே எண்ணில் இந்தப் பசலியில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, யார் சாகுபடி, எந்தப் பாசனம் என்பதைச் சொல்வது அடங்கல். பசலி என்ற கணக்கு ஆண்டு ஜூலை 1-ல் பிறந்து ஜூன் 30-ல் முடியும். ஆங்கில ஆண்டில் 590-ஐக் கழித்துக்கொள்ளுங்கள், 2024 ஜூலையில் தொடங்கியது 1434.

அறுத்துவிட்டு வந்து கேட்டால் விஏஓ திணறுவார். நடவு முடிந்ததும் அவரை வயலுக்கு வரச் சொல்லிக் காட்டுங்கள். பயிர்க் காப்பீட்டுக்கும் அது தேவைப்படும். சம்பாவுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள், கடைசி வாரத்தில் விஏஓ அலுவலகம் திருவிழாக் கூட்டம்போல் இருக்கும்.

பட்டாவில் "0.40.5 ஏர்ஸ்" என்றால் எத்தனை சென்ட்? (பலர்)

முதலில் ஹெக்டேர், அடுத்து ஏர்ஸ். ஓர் ஏர்ஸ் ஏறத்தாழ 2.47 சென்ட். ஆக இது நூறு சென்ட்டுக்கு மேல், ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வயல்காரர் வரப்பை நகர்த்திவிட்டார். விஏஓவை அளக்கச் சொல்லலாமா?

அளப்பது சர்வேயர். பணம் கட்டி விண்ணப்பியுங்கள். ஆனால் கல் எங்கே இருந்தது என்று தலையாரிக்குத் தெரியும், அவர் கூட இருக்கட்டும்.

1980களில் நடந்த யுடிஆரில் எங்கள் நிலம் பங்காளி பெயருக்குப் போய்விட்டது. ஜமாபந்தியில் மனு கொடுத்தால் தீருமா? (அறந்தாங்கி)

யுடிஆர் என்பது நிலப் பதிவேடுகளை அப்போது மொத்தமாகப் புதுப்பித்த திட்டம். அதில் நடந்த பிழைகளை இன்றும் திருத்திக்கொண்டிருக்கிறோம். ஜமாபந்தி வழக்கமாக மே, ஜூனில் வட்ட அலுவலகத்தில் நடக்கும். கிராமக் கணக்கு மொத்தத்தையும் மேலதிகாரி தணிக்கை செய்வார், அளவுச் சங்கிலியைக்கூட நீட்டிப் பார்ப்பார்கள். மனுவும் வாங்குவார்கள். எழுத்துப் பிழை, தகப்பன் பெயர்ப் பிழை என்றால் சீக்கிரம் முடியும். உங்களுடையது ஆளே மாறிய விவகாரம். எதிர்த்தரப்புக்கும் நோட்டீஸ் விட்டு விசாரிக்க வேண்டும், கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் வரை போகும். பங்காளி உரிமையையே மறுத்தால் சிவில் நீதிமன்றம்தான்.

மனுவோடு தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பழைய கிஸ்தி (நிலவரி) ரசீது, யுடிஆருக்கு முந்தைய பதிவேட்டின் சான்றிட்ட நகல் வையுங்கள். எல்லாமே நகல். அசலை யார் கேட்டாலும் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், நான் கேட்டிருந்தாலும் சரி.