ஒரு காந்தாரம், இரண்டு வழி

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கோவில் பஜனைக்கு நான்தான் கீபோர்டு. திருவிழாவில் நாதஸ்வரத்தோடு சேர்ந்து மோகன ராகம் வாசித்தால் காந்தாரம் (க) மட்டும் உரசுகிறது. கணிதம் படிக்கும் என் மகள், 'கிராப் தியரியில் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும்பா' என்கிறாள். நிஜமா, சும்மா கதையா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: நிஜம்தான். ஸ்வரங்களைப் புள்ளிகளாக வைத்து, இயல்பாக இணங்கும் இரண்டுக்கு நடுவில் கோடு போட்டால் அதுதான் கிராப். ஒரு ஊரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொரு தடவை மட்டும் கடந்து வர முடியுமா என்ற கோனிக்ஸ்பெர்க் பாலப் புதிரில் இந்தக் கணக்குக்கு அடிபோட்ட கணித மேதை ஆய்லரே, 1739-இல் வெளிவந்த தன் இசை நூலில் இப்படி ஒரு ஸ்வர வலையை வரைந்து வைத்திருக்கிறார்.

மோகனத்தையே எடுங்கள்: ச, ரி, க, ப, த என்று ஐந்து ஸ்வரம். சென்ட் என்பது சுருதி இடைவெளியை அளக்கும் அலகு. ஒரு ஸ்தாயி, அதாவது ச-விலிருந்து மேல் ச வரை, 1200 சென்ட் என்றால் ச-விலிருந்து ப 702. அதே அளவு மறுபடி மறுபடி தாவினால் ரி, த, அப்புறம் க. கூடுதல் ஸ்தாயிகளைக் கழித்தால் க 408-இல் நிற்கும். ஆனால் தம்புராவை மீட்டிக் காது கொடுத்தால் தந்தியிலிருந்து தானாகவே ஒரு காந்தாரம் எழும் பாருங்கள், அது 386. ஆக ச, ப, ரி, த, க, மறுபடி ச என்று கிராப்பில் ஒரு சுற்று வந்தால் 22 சென்ட் இடிக்கிறது. தைவதத்தை (த) இறக்கினால் த-க சேரும், ரி-த கெடும். ரிஷபத்தையும் (ரி) இறக்கினால் ப-ரி கெடும். எதை நகர்த்தினாலும் அந்த 22 வேறொரு கோட்டுக்குப் போய் உட்காருமே தவிர ஒழியாது.

கீபோர்டு அதைப் பங்கு போட்டுவிடுகிறது: நான்கு தாவலிலும் 2 சென்ட் குறைத்து, மிச்சம் 14-ஐ காந்தாரத்தின் தலையில் கட்டி, 400-இல் நிறுத்துகிறது. நாதஸ்வரக்காரரோ வாயில் வைத்து ஊதும் சீவாளியில் உதட்டாலும் மூச்சாலும் இறக்கிக்கொள்வார், உங்கள் கட்டைக்கு அது முடியாது.

ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்தை மட்டும் இந்தப் படத்தில் தேடாதீர்கள். தோடி ராகம் பாடுகிறவரிடம் போய், உங்கள் காந்தாரம் எந்தப் புள்ளி என்று கேட்டால் அடிக்க வருவார்.

உங்கள் கீபோர்டில் ஸ்வரம் ஸ்வரமாகச் சுருதி மாற்றும் வசதி இருந்தால், க-வை 14 சென்ட்டும் த-வை 16 சென்ட்டும் இறக்கிப் பாருங்கள். ரி-யையும் த-வையும் ஒன்றாக அழுத்தாதீர்கள், அங்கேதான் இப்போது உரசும். ஷட்ஜம் (ச) வேறு கட்டைக்குப் போனால் எல்லாவற்றையும் மறுபடி மாற்ற வேண்டும்.